பந்திக்கு முந்தறதா, படைக்கு பிந்தறதா: எந்த லினக்ஸ் போடலாம்?

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணான். ஈரோட்ல ஜவுளி ஹோல்சேல் கடை, மூணு மெஷின் இருக்கு. ஒண்ணு பில்லிங் ஓடற சர்வர், சர்வர்னா பெருசா ஒண்ணும் இல்ல, மேஜைக்கு அடியில தூசி புடிச்சு உக்காந்திருக்கற ஒரு டெஸ்க்டாப்புதான், ஆனா அது நின்னா கடையே நின்னுடும். இன்னொண்ணு அவன் புதுசா வாங்கின லேப்டாப். மூணாவது சித்தப்பா பேப்பர் படிக்க, பழைய பாட்டு கேக்க வச்சிருக்கற பொட்டி. மூணுலயும் லினக்ஸ் போட்றலாம்னு முடிவு பண்ணிட்டான், விண்டோஸ் மாதிரி அதுவும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஆனா ஆளாளுக்கு தொகுத்து குடுக்கற டிஸ்ட்ரோங்கற வகை நெறைய, அதுல எதுன்னுதான் தெரியல. "அண்ணா, எல்லாமே லேட்டஸ்ட்டா இருக்கணும், ஆனா எதுவும் உடையக்கூடாது"ன்னான். நான் சிரிச்சுட்டேன், ஏன்னா முப்பது வருஷமா ஓப்பன் சோர்ஸ்ல அத்தனை பேரும் மண்டைய உடைச்சுக்கறது இந்த ஒரே வரிக்காகத்தான்.

பந்திக்கு முந்து படைக்கு பிந்துன்னு சொல்லுவாங்கள்ல, அப்டேட்டுல என்ன சிக்கல்னா வர்றது பந்தியா படையான்னு வந்து உக்கார்ற வரைக்கும் தெரியாது. புது ஃபீச்சர், புது டிரைவர் (ஹார்டுவேரை ஓட்டற புரோகிராம்), வேகம் எல்லாம் பந்தி. அதே இலையில யாரும் இன்னும் பாக்காத பக்கும், அதாவது புரோகிராம் கோளாறும், இருக்கும். அதனால எந்த டிஸ்ட்ரோன்னு கேக்கறது கடைசில வரிசைல நீ எங்க நிக்கப்போறன்னு கேக்கறதுதான். முன்னாடி ஆர்ச், டம்பிள்வீடு மாதிரி ரோலிங் ஆளுங்க, அதாவது ரிலீஸ்னு தனியா இல்லாம புதுசு வர வர குடுத்துட்டே இருக்கறவங்க, நடுவுல ஃபெடோரா, அதுக்கு பின்னாடி உபுண்டு எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் இருக்கற ரிலீஸ்), கடைசில டெபியன் ஸ்டேபிள். ரெட்ஹேட் குடும்பம் அதுக்கும் பின்னாடி, அதுக்கு தனி கதை இருக்கு, அப்புறம் வர்றேன்.

முதல்ல ஸ்டேபிள்ங்கற வார்த்தை. நம்ம ஆளுங்க கிராஷ் ஆகாதுன்னு எடுத்துக்கறாங்க. டெபியன்ல அதுக்கு அர்த்தம் மாறாதுங்கறதுதான். டெபியன் 12 ஜூன் 2023ல வந்தப்போ புரோகிராம் எழுதற மொழியான பைத்தான் 3.11, டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 15, லினக்ஸோட அடிமூலமான கெர்னல் 6.1 இருந்துச்சு, அந்த ரிலீஸ் சாகற வரைக்கும் அதேதான் இருக்கும். நடுவுல பாதுகாப்பு ஓட்டை கண்டுபுடிச்சா புது வெர்ஷன் தர மாட்டாங்க, அந்த ஓட்டைக்கு உண்டான திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து பழைய வெர்ஷன்ல தச்சு குடுப்பாங்க. கிராஷ் ஆகற ஒரு பக் அதுல இருந்தா, அது பெரிய பக் இல்லைன்னா, அதுவும் அப்படியே இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு அதே பக், அதே எடத்துல. கேக்க கேவலமா இருக்கும், ஆனா பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினவனுக்கு அது வரம், ஏன்னா அவனுக்கு அந்த பக் தெரியும், சுத்திப்போக ஏற்கனவே வழி பண்ணி வச்சிருப்பான்.

அந்த ஸ்டேபிளுக்கு ஒரு பேக்கேஜ், அதாவது இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டின ஒரு புரோகிராம், வந்து சேர்ற பாதை தெரிஞ்சா மீதி கதை புரியும். டெவலப்பர் வெளியிட்ட புது வெர்ஷன் முதல்ல சிட்ல விழும், அன்ஸ்டேபிளுக்கு அவங்க வச்ச செல்லப்பேர் அது, பொம்மைய எல்லாம் உடைக்கற ஒரு கார்ட்டூன் பையனோட பேரு, பொருத்தமாதான் வச்சிருக்காங்க. அங்க சில நாள் பெரிய பக் எதுவும் வராம தாக்குப்புடிச்சா டெஸ்டிங்குக்கு போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்டிங்கை ஃப்ரீஸ் பண்ணி, புதுசா எதுவும் உள்ள விடாம, பக்கை மட்டும் அடைச்சுட்டே வந்து, ஒரு நாள் அதையே ஸ்டேபிள்னு அறிவிப்பாங்க. டெபியன் 13க்கு 2025 மார்ச்ல படிப்படியா ஃப்ரீஸ் ஆரம்பிச்சு ஆகஸ்ட் 9ல வந்துச்சு. அதாவது ரிலீஸ் ஆன அன்னிக்கே உள்ள இருக்கறது பல மாசம் பழசு. இதுக்கு நடுவுல சில பேர் "நான் ஸ்டேபிளும் வேண்டாம் சிட்டும் வேண்டாம், டெஸ்டிங் போட்டுக்கறேன், நடுநிலை"ன்னு கெளம்புவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஸ்டேபிளுக்கு செக்யூரிட்டி டீம் நேரா திருத்தம் குடுக்கும், சிட்டுக்கு புது வெர்ஷனே வந்துடும், டெஸ்டிங்குக்கு அது சிட்ல இருந்து நடந்து வரணும், வர்ற வழியில வேற எதுலயாவது மாட்டிக்கிட்டா நீங்க ஓட்டையோட காத்திருக்கணும். நடுவுல நின்னா பாதுகாப்புன்னு நினைக்கறது இங்க செல்லாது.

மாறாம இருக்கறதுக்கும் விலை உண்டு, அதை டெபியன்காரங்களே சொல்லுவாங்க. 3.0 வந்தது ஜூலை 2002, அடுத்த 3.1 வந்தது ஜூன் 2005, கிட்டத்தட்ட மூணு வருஷம். அந்த இடைவெளியிலதான் 2004 அக்டோபர்ல உபுண்டு பொறந்துச்சு, டெபியன் மேலயே கட்டி, ஆறு மாசத்துக்கு ஒண்ணு கண்டிப்பா விடுவோம்னு சொல்லிக்கிட்டு. அப்புறம் எக்ஸ்ஸ்க்ரீன்சேவர்ங்கற ஸ்க்ரீன்சேவர் புரோகிராமை வச்சு நடந்த சண்டை. அதை எழுதின ஜேமி ஜவின்ஸ்கி, தன்னோட வெர்ஷன் ரொம்ப பழசானா ஸ்க்ரீன்ல ஒரு எச்சரிக்கை வர்ற மாதிரி உள்ள வச்சுட்டார். ஏன்னா டெபியன் ஆளுங்க அவர் எப்பவோ சரி பண்ணின பக்கை அவருக்கே மறுபடி மறுபடி ரிப்போர்ட் பண்ணிட்டு இருந்தாங்க. 2016ல அது பெரிய தகராறாகி, "இந்த பழசை வச்சிருக்கறதுன்னா என் புரோகிராமையே எடுத்துடுங்க"ங்கற அளவுக்கு போச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது, ஆனா எழுதினவன் பக்கம் கொஞ்சம் அதிகமாவே தெரியுது. நாம வரிசைல பின்னாடி நின்னு நிம்மதியா இருக்கறப்போ அந்த நிம்மதிக்கு பதில் சொல்ற வேலை யாரோ ஒரு மெயின்டெயினர் (புரோகிராமை பராமரிக்கறவர்) தலைல விழுது.

இதைவிட நல்ல உதாரணம் லினக்ஸ் கெர்னலேதான். முன்னாடி எல்லாம் கெர்னல் நம்பர்ல ரெண்டாவது எண் இரட்டைப்படைன்னா ஸ்டேபிள், ஒற்றைப்படைன்னா சோதனை. 2.4 ஜனவரி 2001ல வந்துச்சு, 2.5ங்கற சோதனை வரிசை அதே வருஷம் நவம்பர்ல ஆரம்பிச்சு, அது முடிஞ்சு 2.6.0 வெளிய வந்தது டிசம்பர் 2003. ரெண்டு வருஷம் ஜனங்களுக்கு புதுசு எதுவும் கெடையாது. சும்மா இருப்பாங்களா? டிஸ்ட்ரோ கம்பெனிங்க 2.5ல இருந்து வேணுங்கறதை எல்லாம் பிச்சு எடுத்து தங்களோட 2.4ல ஒட்டிக்கிட்டாங்க, ரெட்ஹேட் லினக்ஸ் 9ல ஒரே புரோகிராம் பல வேலைய ஒண்ணா பண்ண உதவற புது த்ரெட் சிஸ்டத்தையே அப்படித்தான் 2.4க்கு கொண்டு வந்தாங்க. கடைசில பேருக்கு எல்லாரும் 2.4, ஆனா ஒவ்வொருத்தன் கைல இருந்ததும் வேற வேற, யாரும் மொத்தமா டெஸ்ட் பண்ணாத ஒரு ஒட்டு வேலை. மாத்தாம வச்சிருக்கறேன்னு அணையை ரொம்ப நாள் மூடினா தண்ணி பக்கத்து வயல் வழியா வரத்தான் செய்யும். 2.6க்கு அப்புறம் அந்த ஒற்றை இரட்டை முறையையே தூக்கிட்டாங்க. இப்போ ஒம்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல், முதல் ரெண்டு வாரம் மட்டும் புதுசு எடுப்பாங்க, மிச்ச ஏழெட்டு வாரம் பக் அடைக்கற வேலை.

இவ்வளவு வேகமா ஓடியும் நம்ம புரோகிராம் ஏன் உடையலைன்னா அதுக்கு லினக்ஸ் கெர்னலை உண்டாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸ் விடாப்புடியா வச்சிருக்கற ஒரு விதிதான் காரணம், கெர்னல் மேல ஓடற புரோகிராமை கெர்னல் மாற்றம் உடைக்கக்கூடாது, உடைச்சா தப்பு கெர்னலோடது, புரோகிராம் எழுதினவனை குத்தம் சொல்லக்கூடாது. ஆனா உள்ளுக்குள்ள, டிரைவருக்கும் கெர்னலுக்கும் நடுவுல இருக்கற இணைப்பை எப்போ வேணா மாத்துவாங்க, அதுக்கு எந்த உத்தரவாதமும் கெடையாது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் மாதிரி கெர்னலுக்கு வெளிய இருக்கற சமாச்சாரம் அப்டேட்டுக்கு அப்புறம் கருப்பு ஸ்க்ரீன் காட்டறது அதனாலதான். வேகமும் உறுதியும் ஒரே புராஜெக்ட்டுக்குள்ளயே வேற வேற எடத்துல இருக்கு பாருங்க, வெளிவாசல் அசையாது, உள்ள தினமும் செவுத்தை இடிச்சு கட்டிட்டு இருப்பாங்க.

சரி, வரிசைல முன்னாடி நிக்கறவங்க கிட்ட வருவோம். ஆர்ச் 2002ல இருந்து இருக்கு, வெர்ஷன் நம்பரே கெடையாது, டெவலப்பர் வெளியிட்டதை பெருசா கை வைக்காம நமக்கு குடுப்பாங்க. அதுல நெஜமான நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு, உடைஞ்சா எது உடைச்சுதுன்னு தெரியும். நேத்து இருபது பேக்கேஜ் மாறுச்சு, இன்னிக்கு சவுண்ட் வரல, அந்த இருபதுல தேடினா போதும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிரத்து சொச்சம் பேக்கேஜ் ஒரே ராத்திரில மாறற ஆளுக்கு அந்த வசதி இல்ல. ஆனா ஒழுங்கா அப்டேட் பண்ணிட்டே இருக்கணும், ஒரு பேக்கேஜை மட்டும் புதுசாக்கி மீதிய விட்டா ஆர்ச்காரங்களே நாங்க பொறுப்பில்லைன்னுடுவாங்க, பண்றதுக்கு முன்னாடி அவங்க அறிவிப்பை படிக்கணும். 2022 ஆகஸ்ட்ல கிரப்ங்கற பூட்லோடருக்கு, அதாவது மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸை கெளப்பற புரோகிராமுக்கு, அப்டேட் ஒண்ணு வந்து நெறைய பேர் மெஷின் பூட்டே ஆகாம நின்னுச்சு, யுஎஸ்பில இருந்து பூட் பண்ணி கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணாதான் உயிர் வந்துச்சு. தெரிஞ்சவனுக்கு பத்து நிமிஷ வேலை, சித்தப்பாவுக்கு அது மெஷின் செத்துப்போச்சு.

ஓப்பன்சூசே டம்பிள்வீடு இதே ரோலிங்கை கொஞ்சம் மரியாதையா பண்றாங்க. ஒவ்வொரு அப்டேட் தொகுப்பையும் ஓப்பன்கியூஏங்கற ஒரு சிஸ்டம் விர்ச்சுவல் மெஷின்ல இன்ஸ்டால் பண்ணி, பூட் பண்ணி, ஸ்க்ரீன்ல கிளிக் பண்ணி பாத்து, தேறினாதான் வெளிய விடும். அதையும் மீறி உடைஞ்சா பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் எடுத்து வச்ச பழைய நெலமையோட நகல் (ஸ்னாப்ஷாட்) இருக்கு, பூட் மெனுலயே நேத்தைய நெலமைக்கு போய்க்கலாம். ரோலிங்தான் வேணும்னு அடம்புடிக்கறவங்களுக்கு நான் ஆர்ச்சை விட இதைத்தான் சொல்லுவேன், ஆனா யாரும் கேக்கறதில்ல, ஆர்ச் போட்டேன்னு சொல்லிக்கறதுல ஒரு கெத்து இருக்கு, அதோட என்னால போட்டி போட முடியல.

இப்போ எல்லாரும் கேக்கற கேள்வி, பாதுகாப்புக்கு புதுசு நல்லதா பழசு நல்லதா? இதுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்றவங்களை நம்பாதீங்க. மூணு சம்பவம் சொல்றேன், மூணும் மூணு திசைல போகும்.

ஏப்ரல் 2014, ஹார்ட்பிளீட்ங்கற ஓட்டை. வெப்சைட் தொடர்பை ரகசியமா பூட்டற ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியோட 1.0.1ல, அதாவது 2012 மார்ச்ல வந்த வெர்ஷன்ல, ஒரு புது வசதியோட சேந்து வந்த ஓட்டை, சர்வர் மெமரில இருக்கற ரகசியத்தை வெளிய இருந்தே எட்டி எடுக்கலாம். ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியல. அப்போ 0.9.8 ஓட்டிட்டு இருந்த பழைய மெஷினுக்கு எல்லாம் ஒண்ணும் ஆகல, அந்த வசதியே அதுல இல்லாததால. அந்த வாரம் சோம்பேறி அட்மின் எல்லாம் காலரை தூக்கி விட்டுக்கிட்டாங்க.

ஆனா மே 2008ஐ பாருங்க. டெபியன்ல 2006லயே ஓப்பன்எஸ்எஸ்எல் கோடுல ஒரு டூல் எச்சரிக்கை குடுக்குதேன்னு ரெண்டு வரிய கமெண்ட் போட்டு அடைச்சுட்டாங்க. அந்த வரிதான் ரேண்டம் நம்பரை யாரும் ஊகிக்க முடியாம இருக்க தேவையான கலவையை உள்ள போட்டுட்டு இருந்துச்சு. விளைவு, ரகசியத்தை பூட்டற டிஜிட்டல் சாவி உண்டாக்கும்போது ஓடற புரோகிராமோட ப்ராசஸ் நம்பர் மட்டும்தான் மாறும், அதிகபட்சம் 32,768 வாய்ப்பு. ஒரு சாவி வகைக்கு இருக்கக்கூடிய மொத்த சாவியையும் முன்னாடியே போட்டு வச்சுக்கலாம். டெபியன், அதுல இருந்து வந்த உபுண்டு எல்லாத்துலயும் இருந்துச்சு, ஒரிஜினல் ஓப்பன்எஸ்எஸ்எல்ல இல்ல. ஒட்டு போடறவன் கைல ஊசி குத்தின கதை இது. ஸ்டேபிள்ங்கறது டெவலப்பர் குடுத்த அதே பண்டம்னு நினைக்காதீங்க, நடுவுல இன்னொரு கை பட்டிருக்கு, அந்த கையும் மனுஷக் கைதான்.

மூணாவது 2024, எக்ஸ்இசட். இதை நான் நெனச்சா இப்பவும் தூக்கம் போகும். எக்ஸ்இசட்ங்கறது ஃபைல் சுருக்கற ஒரு சின்ன லைப்ரரி, ஒரே ஆள் வருஷக்கணக்கா தனியா பாத்துட்டு இருந்தார். ஜியா டான்னு ஒரு பேர்ல ஒருத்தர் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லபுள்ளையா வேலை பண்ணி, நம்பிக்கை வாங்கி, மெயின்டெயினர் ஆகி, 2024 பிப்ரவரில 5.6.0ல பின்வாசல் வச்சுட்டார். எஸ்எஸ்எச், அதாவது தூரத்துல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ற வழி, அது வழியா உள்ள வர்ற வாசல். அதோட நிக்கல, டிஸ்ட்ரோங்க கிட்ட புது வெர்ஷனை சீக்கிரம் சேத்துக்கங்கன்னு நச்சரிப்பும் நடந்துச்சு. சிட், டெஸ்டிங், ஃபெடோரா 40ஓட பீட்டா (சோதனை ரிலீஸ்), டம்பிள்வீடு வரைக்கும் போயிடுச்சு. ஓப்பன்கியூஏ எவ்வளவு கிளிக் பண்ணி பாத்தாலும் இது சிக்காது, எல்லாம் ஒழுங்காத்தானே வேலை செஞ்சுது. கண்டுபுடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், மைக்ரோசாஃப்ட்ல வேலை. தன்னோட சிட் மெஷின்ல வேற எதையோ அளந்துட்டு இருந்தவர், எஸ்எஸ்எச் லாகின் 0.3 செகண்ட் ஆகற எடத்துல 0.8 ஆகுதேன்னு கவனிச்சு, விடாம தோண்டி, மார்ச் 29ல வெளிய சொன்னார். அரை செகண்ட். உபுண்டு 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளி வச்சு எல்லாத்தையும் மறுபடி பில்ட் பண்ணாங்க. டெபியன் ஸ்டேபிள்ல அது நொழையவே இல்ல.

உடனே பாத்தியா ஸ்டேபிள்தான் கெட்டிம்பாங்க. கொஞ்சம் இருங்க. அது ஸ்டேபிளோட சாமர்த்தியத்துல புடிபடல. சிட் ஓட்டிட்டு இருந்த ஒரு ஆள் தன் மெஷின்ல அதை வாங்கிக்கிட்டதாலதான் புடிபட்டுச்சு. உலகத்துல எல்லாரும் ஸ்டேபிள்லயே உக்காந்திருந்தா அந்த பின்வாசல் வச்ச வெர்ஷன் பத்திரமா ஃப்ரீஸ் வரைக்கும் வந்து, அடுத்த ஸ்டேபிள்ல ஏறி, எத்தனையோ லட்சம் சர்வருக்கு போயிருக்கும், அப்போ மாறாதுங்கற உறுதி பின்வாசலுக்கும் சேத்துத்தான். கல்யாண வீட்ல உப்பு பாக்கறதுக்குன்னு ஒருத்தர் இருப்பார்ல, நாம கடைசி பந்தில நிம்மதியா சாப்பிடறது அவரை நம்பித்தான். நான் சர்வர்ல ஸ்டேபிள் போட்டாலும் ரோலிங் ஆளுங்களை கிண்டல் பண்றதை நிறுத்தினது இதுக்கு அப்புறம்தான்.

நடுவுல இருக்கற ரெண்டு பேரை சுருக்கமா முடிச்சுடறேன். ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 13 மாசம் ஆயுசு, அதனால வேணும்னா ஒண்ணை தாண்டி ஒண்ணுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்திக்கலாம். டெஸ்க்டாப் பெருசா மாறாது, கெர்னல் மட்டும் ரிலீஸுக்குள்ளயே புதுசு வந்துட்டே இருக்கும், புது லேப்டாப்புக்கு அதுதான் வேணும், வைஃபை சிப்பும் டச்பேடும் போன வருஷம் வந்த ஐட்டமா இருக்கும்போது மூணு வருஷ பழைய கெர்னல் அதை அடையாளமே கண்டுக்காது. ஸ்க்ரீனை பாத்துக்கற வேலண்ட் (2016), சவுண்டை பாத்துக்கற பைப்வயர் (2021) எல்லாம் பெரிய டிஸ்ட்ரோல முன்னாடி இங்கதான் டிஃபால்ட் ஆச்சு, ஆக பந்திக்கு முந்தற குணம் உண்டு, ஆனா சோதிச்சுட்டு முந்துவாங்க. உபுண்டு எல்டிஎஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஏப்ரல்ல வரும், அஞ்சு வருஷ சப்போர்ட், உபுண்டு புரோங்கற சந்தா போட்டா பத்து, சொந்த உபயோகத்துக்கு அஞ்சு மெஷின் வரைக்கும் புரோ இலவசம். வந்த அன்னிக்கே ஏறாதீங்க, அவங்களே பழைய எல்டிஎஸ்ல இருக்கறவங்களுக்கு புதுசோட முதல் திருத்தப் பதிப்பான .1 வந்ததுக்கு அப்புறம்தான் அப்கிரேடுன்னு காட்டுவாங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. எல்டிஎஸ்க்கு நடுவுல வர்ற ரிலீஸுக்கு ஒம்பது மாசம்தான் ஆயுசு, அதை கடைல போடறது வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடற மாதிரி.

ரெட்ஹேட் குடும்பம்னு சொன்னேன்ல. ரெட்ஹேட் காசுக்கு விக்கற லினக்ஸை அப்படியே இலவசமா தர்ற சென்ட்ஓஎஸ்ஸோட 8 வந்தது 2019 செப்டம்பர்ல, 2029 வரைக்கும்னு நம்பி ஆளுங்க ஏறினாங்க. 2020 டிசம்பர்ல ரெட்ஹேட் வந்து, 8ஆவது வெர்ஷன் 2021 கடைசியோட முடியுது, இனிமே ரெட்ஹேட் ரிலீஸுக்கு முன்னாடி ஓடற சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்தான்னு சொல்லிட்டாங்க. வேடிக்கை என்னன்னா 7லயே தூங்கிட்டு இருந்தவங்களுக்கு சொன்னபடி ஜூன் 2024 வரைக்கும் கெடைச்சுது, பொறுப்பா 8க்கு மாறினவன்தான் நடுரோட்டுல நின்னான். ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் ரெண்டும் 2021ல வந்தது அந்த கோவத்துலதான், நல்லாவே ஓடுது. ஆனா பத்து வருஷம்னு யாராவது சொன்னா அந்த வாக்கை குடுக்கறது யாரு, அவங்களுக்கு அதுல என்ன லாபம், மனசு மாறினா நாம எங்க போறதுன்னு கேக்க அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். டெபியன் குடுக்கறது மூணு வருஷமும், மேல எல்டிஎஸ் டீம் பாத்துக்கற ரெண்டு வருஷமும், மொத்தம் அஞ்சுதான், ஆனா அதுக்கு பின்னாடி ஒரு கம்பெனியோட கணக்கு இல்ல. நம்ம ஊர்ல மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் பண்ணின பாஸ் லினக்ஸ் கூட டெபியன் மேல கட்டினதுதான்.

ஒண்ணை விட்டுட்டேன். ஒரு மெஷின் முழுக்க ஒரே வேகத்துல ஓடணும்னு யாரு சொன்னா? டெபியன் ஸ்டேபிளே அப்படி ஓடறதில்ல. ஃபயர்ஃபாக்ஸ் 2011ல ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன்னு கெளம்பினப்போ ஆபீஸ் அட்மினுங்க எல்லாம் கத்தினாங்க, அதுக்காகத்தான் 2012ல இஎஸ்ஆர்னு மெதுவா ஓடற வரிசை வந்துச்சு. டெபியன் அதை எடுத்துக்கிச்சு, ஆனா அந்த இஎஸ்ஆர் முடிஞ்சு அடுத்தது வந்தா மாறாத ஸ்டேபிளுக்குள்ளயே அதை மாத்திடுவாங்க. பிரௌசர் மாதிரி பெரிய கோடுக்கு பழசுல ஒட்டு போட்டு மாளாது. கேம் கம்பெனியான வால்வ் இன்னொரு வழி பண்ணாங்க, தங்களோட ஸ்டீம்ஓஎஸ்ஸை டெபியன்ல இருந்து ஆர்ச்சுக்கு மாத்திட்டு, விளையாடறவனுக்கு மட்டும் தாங்க பாத்து முடிச்ச இமேஜா, அவனால கை வைக்க முடியாத மாதிரி பூட்டி குடுக்கறாங்க. அடியில ரோலிங், மேல ஃப்ரீஸ். நாம சின்ன அளவுல இதையே திருப்பி பண்ணலாம், அடிவாரம் டெபியன், மேல வேணுங்கற ஆப் மட்டும் ஃப்ளாட்பேக்ல (எந்த டிஸ்ட்ரோலயும் ஓடற தனி ஆப் பொட்டலம்), போஸ்ட்கிரெஸ் புது வெர்ஷன் வேணும்னா அவங்களோட சொந்த ரெப்போல (பேக்கேஜ் கெடங்கு) இருந்து, மீதி கன்டெய்னர்ல (தனியா அடைச்சு ஓட்டற பெட்டி). என் கணக்கு இதுதான், இன்டர்நெட்டை பாத்து நிக்கறது புதுசா இருக்கட்டும், டேட்டாவை தாங்கி நிக்கறது பழசா இருக்கட்டும். ஆனா ஃப்ளாட்பேக்ல வர்றதை யாரு பில்ட் பண்ணதுன்னு பாத்துட்டு போடுங்க, அங்க டெபியன் மெயின்டெயினரோட கண் கெடையாது.

தம்பிக்கு என்ன சொன்னேன்னா, சர்வருக்கு டெபியன் 13. பில்லிங் அவனோட ஃப்ரெண்டு பைத்தான்ல வெப் ஆப் எழுத உதவற ஜாங்கோல எழுதினது, ஜாங்கோ 5.2 எல்டிஎஸ், ஏப்ரல் 2028 வரைக்கும் சப்போர்ட், டெபியன் 13ல பைத்தான் 3.13, போஸ்ட்கிரெஸ் 17, எல்லாம் ஒத்துப்போகுது. உபுண்டு எல்டிஎஸ் போட்டாலும் தப்பில்ல, நான் போட மாட்டேன், அவ்வளவுதான், எனக்கு உபுண்டுவோட ஸ்னாப்ங்கற ஆப் பொட்டல முறை கூட கொஞ்சம் வாய்க்கா தகராறு இருக்கு. ஒண்ணு மட்டும் ரெண்டு தடவை சொன்னேன், அடுத்த டெபியனுக்கு ஏறும்போது போஸ்ட்கிரெஸ் டேட்டா தானா மாறாது, புது வெர்ஷன் பக்கத்துல வந்து உக்காரும், பழசை நாமதான் கட்டளை குடுத்து மாத்தணும், அது தெரியாம பழைய பேக்கேஜை தூக்கினேன்னா அப்புறம் எனக்கு போன் பண்ணாத. எனக்கு எப்படி தெரியும்னு கேக்காதீங்க, ஒரு தீபாவளி வாரத்துல கத்துக்கிட்டது.

லேப்டாப்புக்கு ஃபெடோரா. அவன் ஆர்ச்சுன்னான், "உனக்கு தினம் காலைல கடை தெறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அறிவிப்பு படிக்க நேரம் இருக்கா"ன்னேன், "ஞாயித்துக்கெழமை இருக்குண்ணா"ன்னான், அப்போ டம்பிள்வீடு, உடைஞ்சா பூட் மெனுல பின்னாடி போய்க்கோன்னேன். ஒரு வாரம் யோசிச்சு ஃபெடோராவே போட்டான்.

சித்தப்பா பொட்டிலதான் எங்களுக்குள்ள சண்டை. அவன் அதுலயும் ஃபெடோரா போட்றலாம், ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்கு சுலபம்ங்கறான். நான் சொன்னது, வருஷத்துக்கு ஒரு தடவை மெனு எடம் மாறினா ஒவ்வொரு தடவையும் நீதான் பக்கத்துல உக்காந்து சொல்லித்தரணும், அவருக்கு பக்கை விட எடம் மாறினதுதான் பெரிய பக். முதல்ல அது 32 பிட்டா 64ஆன்னு பாக்க சொன்னேன், 32 பிட்டா இருந்தா டெபியன் 13க்கு இன்ஸ்டாலரே கெடையாது, 12தான் கடைசி, அதுவும் 2028 ஜூனோட முடியுது. பாத்தான், கோர் 2 டுவோ, 64தான், தப்பிச்சோம். டெபியன் 13 போட்டு, ஃபயர்ஃபாக்ஸ், தமிழ்99 கீபோர்டு, பாட்டு ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்ல ஒரு ஐகான், செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தானா ஓடற மாதிரி செட்டிங், முடிஞ்சுது. போன ஞாயிறு போட்டோ அனுப்பியிருந்தான், சித்தப்பா சிபியூ பொட்டி மேல கணக்கு நோட்டு பேப்பரை கிழிச்சு செலோடேப் போட்டு ஒட்டியிருக்கார், மார்க்கர்ல அவர் கையெழுத்து: "ஜூன் 2030 வரை யாரும் தொடக்கூடாது."